மாப்பிள்ளையின் முதுகு

முப்பத்தோரு வருஷ வாத்தியார் வேலையில் முந்நூறு பிள்ளைகளின் வயிற்றுவலியை வெறும் பார்வையாலேயே குணப்படுத்தியிருக்கிறேன். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக ஒரு பார்வை. பிள்ளை எழுந்து வகுப்புக்குப் போய்விடும். சரி, முந்நூறு என்பது கொஞ்சம் கூடுதல்தான். நாற்பது இருக்கும். அந்த நாற்பதிலும் முப்பத்தெட்டு கணக்குப் பரீட்சை அன்றைக்குக் காலையில் வந்த வலி. மிச்சம் இரண்டில் ஒன்று குடல்வால். அந்தப் பையனின் அம்மா இன்றைக்கும் சாயல்குடிச் சந்தையில் என்னைக் கண்டால் கத்தரிக்காய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பேத்தி சிநேகாவுக்குக் கால்வலி வந்தபோதும் நான் கண்ணாடியைத்தான் இறக்கினேன்.

ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. என் மகள் ஜெயசுதாவைக் கட்டிய வேல்சாமியைப் பற்றியது. மாமியார் எழுதும் மருமகன் சரித்திரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் முடிந்தவரை நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

வேல்சாமிக்கு வயது நாற்பத்து நாலு. ஆளைப் பார்க்கும் முன் காதைத்தான் பார்ப்பீர்கள். அப்படிப்பட்ட காது. பெண் பார்க்க வந்த அன்று வாசல் நிலையில் அந்தக் காது இடித்துவிடுமோ என்று நான் பயந்தேன். பத்தாவது வரை படித்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தார். அவருடைய அய்யா காலமானதும் ஊருக்குத் திரும்பி, அவர் பார்த்த வேலையையே எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுகிற வேலை. சொந்தமாக முக்கால் ஏக்கர் மிளகாயும் உண்டு.

அவரிடம் இரண்டு பழக்கம். ஒன்று, தினமும் விடிந்ததும் மடை ஓரத்து அளவுக்கல்லைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று நோட்டில் எழுதி, கூத்தையா டீக்கடையில் போய்ச் சொல்வது. மழை கொட்டும்போதும் சொல்வார், கண்மாய் வறண்டு ஆடு மேயும்போதும் போய், "இன்னைக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்வார்.

இன்னொன்றுதான் முக்கியம். மழை குறைந்த வருஷம் முறை வைத்துத்தான் தண்ணீர். ஏக்கருக்கு அரைமணி. முறை நடக்கும்போது வேல்சாமி மடைக்கல்லில், வயல்களுக்கு முதுகைக் காட்டி, கண்மாயைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மடியில் அலாரம் கடிகாரம். ஏன் மாப்பிள்ளை இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"வாடுன பயிரப் பாத்தா கை தன்னால மடைக்குப் போயிரும் அத்தை. முன்னாடி வயலுக்கு அஞ்சு நிமிசம் கூடுச்சுன்னா கடைசி வயலுக்குத் தண்ணி இல்ல. எங்கய்யா இப்படித்தான் உக்காருவாரு."

ஒரு தை மாதம், பத்து ஏக்கர்க்காரரான மருதுபாண்டி வரப்பில் நின்று ஒரு மணிநேரம் கத்தினார். அவர் சொன்ன வார்த்தைகளைப் பிழையில்லாமல் எழுத எனக்குத் தெரியும், ஆனால் எழுதமாட்டேன். வேல்சாமி திரும்பவில்லை. காது மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்துபோய் இருந்தது. அலாரம் அடித்த பிறகுதான் எழுந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் விஷயத்தில் ஒரு நிமிஷம்கூடத் திரும்பாமல் இருக்க மாட்டாதவர் ஆகிப்போனார்.

சிநேகாவுக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடும்போது கணுக்கால் பிசகியது. வீக்கம் பதினைந்து நாளில் வடிந்தது. வலி மட்டும் வடியவில்லை. முழங்காலுக்கு ஏறியது, அடுத்த காலுக்கும் போனது. எக்ஸ்ரே, ரத்தம், ஸ்கேன், எதிலும் ஒன்றும் இல்லை. ஒருவர் எண்ணெய் கொடுத்தார். அதைப் பூசியதில் வலி போகவில்லை, எறும்பு வந்தது. இன்னொருவர் கறுப்புக் கயிறு கட்டினார். ஜெயசுதா அய்யனாரிடம் சேவல் என்று ஆரம்பித்து, பேரம் படியாமல் கிடாய்க்கு ஏறியிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன். பிள்ளை என்னைத் திருப்பிப் பார்த்தது. கணக்குப் பரீட்சை எதுவும் அன்றைக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் முப்பத்தோரு வருஷப் பழக்கம் விடுமா? "எழுந்து நடடி, சரியாப் போயிரும்" என்றேன்.

ராமநாதபுரத்தில் நாகஜோதி என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று யாரோ சொல்லி, போன புரட்டாசியில் அழைத்துப் போனோம். அவர் ஒரு மணிநேரம் பிள்ளையோடு பேசினார். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்.

"வலி நிஜம்தாங்க. பொய் சொல்லல" என்றபோது என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். "கால் கெடல. நரம்பு கத்திப் பழகிப்போச்சு, நிறுத்தத் தெரியல. நடந்தா உடைஞ்சு போகாது. பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலிக்கு ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க, அடுத்த தடவை நான் பாக்குறேன். ஆனா நடக்கிறது நம்பரை வச்சு இல்ல, நேரத்தை வச்சு. மூணா இருந்தாலும் எட்டா இருந்தாலும் அஞ்சு நிமிஷம். அடுத்த வாரம் ஏழு நிமிஷம். வலி கூடுதேன்னு குறைக்காதீங்க, குறையுதேன்னு ஓடவும் விடாதீங்க."

இவ்வளவில் வேல்சாமியின் காதில் விழுந்தது நம்பர் மட்டும். அவ்வளவு பெரிய காது இருந்தும்.

திரும்பி வரும்போதே சாயல்குடியில் புது நோட்டு வாங்கிவிட்டார். அளவுக்கல் பார்த்து இருபது வருஷம் பழகிய மனிதரிடம் பிள்ளையின் வலிக்கும் அளவுக்கல் கிடைத்தால் என்ன ஆகும்? காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆரம்பித்தது, கார்த்திகைக்குள் மணிக்கொரு தடவை ஆனது.

"பாப்பா, எத்தனை?"

"ஆறு அய்யா."

"ஆறா, ஆறரையா?"

டீக்கடையிலும் சொன்னார். "கண்மாய் நாலே கால். பாப்பா ஆறு." ஊரே தெரிந்துகொண்டது. ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் பக்கத்து வீட்டு முத்தழகு எட்டிப் பார்த்து, "என்னடி, நேத்து அஞ்சாமுல்ல? தேவலயே" என்று பிள்ளையைப் பாராட்டினாள். கூத்தையா ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கண்மாய் ஏழு, பாப்பா நாலு என்று மாற்றிச் சொல்லிவிட, இரண்டு பேர் மண்வெட்டியோடு வயலுக்கே போய்விட்டார்கள்.

ஜெயசுதா வேறு ரகம். அவள் எதையும் கேட்கமாட்டாள், செய்துகொண்டே இருப்பாள். நம்பர் ஐந்தைத் தாண்டினால் தட்டு கட்டிலுக்கு வரும். ஆறைத் தாண்டினால் தலை வாரிவிடுவாள். ஏழு என்றால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே பிடிப்பாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு! பால்பாட்டில் ஒன்றுதான் பாக்கி. தீபாவளியோடு பள்ளிக்கூடமும் நின்றது. பஸ் ஏற மெயின்ரோட்டுக்குப் போகவேண்டும். அதற்குக் கண்மாய்க் கரை முழுதும் நடக்கவேண்டும்.

"வீட்டுல இருந்தே படிச்சுப் பத்தாவது எழுதட்டும். எத்தனை பேரு எழுதல?" என்றாள் ஜெயசுதா. வேல்சாமி தலையை ஆட்டினார்.

சிநேகாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, அந்தக் கரையில் தனியாக நடந்து போய் எட்டுப்பத்து பஸ்ஸில் ஏறவேண்டும். அதை அவள் சொன்னபோது வேல்சாமி கேட்டார்: "இப்ப எத்தனை தாயி?"

தை மாதம் கூத்தையாவின் பேத்திக்குக் காதுகுத்து. அன்று காலை வேல்சாமி கேட்டதற்குப் பிள்ளை "மூணு" என்றது. வீடே பூரித்துப் போனது. ஜெயசுதா பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தாள். வேல்சாமி இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டார். காதுகுத்து வீட்டில் சிநேகா சந்தனம் கொடுத்தாள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மூன்று மணிநேரம் சிரித்துக்கொண்டே நின்றாள். பந்தி முடிந்து எழுந்திருக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

"எத்தனை பாப்பா? எத்தனை?" என்று வேல்சாமி பெஞ்சு கூடவே ஓடிவந்தார்.

"ஒம்பது."

நான் செய்த வேலையையும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் ஜெயசுதா எழுதச் சொல்வாள். கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து நான் கேட்டேன்: "காலையில மூணு, மத்தியானம் ஒம்பதா? நம்பர்லயும் பொய்யா?" கண்ணாடி அதுவாகவே இறங்கியிருந்தது.

சிநேகா எழுந்து உட்கார்ந்தாள். எட்டூருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். இரண்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆமா அம்மாச்சி, பொய்தான்! ரெண்டு மாசமாப் பொய்தான். ஆறுன்னா அய்யா வெறுங்காப்பியோட போயிருவாரு. ஏழுன்னா அம்மா சாமி படத்துக்கு முன்னாடி போயி உக்காந்துரும், அடுப்பு எரியாது. மூணுன்னாத்தான் இந்த வீட்டுல எல்லாரும் சோறு திம்பீக. எனக்கு வலிச்சாலும் வலிக்காட்டியும், நான் ஒங்களுக்குப் பசிக்குதான்னு பாத்துத்தான் நம்பர் சொல்றேன்!"

ஜெயசுதா கையில் செம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளை தகப்பனைப் பார்த்துத் திரும்பியது.

"மருதுபாண்டி மாமா வயலு வாடிக் கெடந்துச்சே, திரும்பிப் பாத்தீகளா? அவரு கத்துனாரே, அஞ்சு நிமிசம் கூடக் குடுத்தீகளா? ஊருக்கெல்லாம் முறை வச்சுட்டு முதுகைக் காட்டி உக்காருவீக. நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன், மணிக்கொரு தடவை திரும்பித் திரும்பிப் பாக்குறீக? எனக்கும் முறை வைங்க. இல்லாட்டி என்னையக் கேக்காதீக."

வேல்சாமி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தோம். அரைமணி கழித்து வந்தார். கையில் மடைக் கடிகாரம்.

"அந்த டாக்டரம்மா நேரம்னு என்னமோ சொன்னாகல்ல அத்தை?"

"சொன்னாக மாப்பிள்ளை. அஞ்சு நிமிஷம்னாக."

"அட, அது முறைதான?" என்றார், ஏதோ டாக்டரம்மா அவரிடம்தான் பாடம் படித்தவர் மாதிரி. "அதை மொதல்லயே முறைன்னு சொல்லியிருந்தா வெளங்கியிருக்குமுல்ல!"

மறுநாள் சிநேகா நம்பர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சட்டதிட்டம் எழுதினாள். அய்யா ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்கலாம். நம்பர் கேட்கக்கூடாது, இன்றைக்கு எப்படிப் போச்சு என்று கேட்கலாம். அம்மா தட்டு எடுத்து வரக்கூடாது. அம்மாச்சி கண்ணாடியை இறக்கக்கூடாது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியவள் நான். அன்றைக்கு நான் போட்டேன்.

பங்குனி வரை எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தினமும் காலையில் வேல்சாமி கடிகாரத்தைத் திருகி வைப்பார், பிள்ளை தெருவில் நடக்கும், அலாரம் அடித்ததும் நிற்கும். முதலில் ஐந்து நிமிஷம், வேப்பமரம் வரை. வாரம் இரண்டு நிமிஷம் கூடும். வலித்தாலும் அவ்வளவுதான், வலிக்காவிட்டாலும் அவ்வளவுதான். அதைக்கூட வேல்சாமி சமாளித்துவிட்டார். கேட்காமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் சிநேகா காதுபட, கொட்டடியில் ஆட்டுக்கிடாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஒனக்குக் காலு வலிக்குதாலே? நேத்தைக்கு இன்னைக்குத் தேவலயா?"

"கிடாய்க்கு வலிக்கல அய்யா, பசிக்குது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அய்யாவுக்குத்தான் வலிக்குது போல. எத்தனைன்னு கேளு கிடா!"

ஜெயசுதா தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகவில்லை. கட்டிலை அடுப்படிக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டாள். அது சட்டத்தில் இல்லையாம். சிநேகா எழுந்து தானே இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஜெயசுதா தன் இரண்டு கையையும் சேலைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள், அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடும் என்று பயந்த மாதிரி.

கூத்தையாவுக்குத்தான் தாங்கவில்லை. "என்னலே வேலு, கண்மாய் மட்டும் சொல்ற? பாப்பா எத்தனை?"

"அது ஊர்க் கண்மாய் இல்ல சித்தப்பு" என்றார் வேல்சாமி. என் மருமகன் இப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் படுத்தி எடுக்கும், சில நாள் பாதியாகும். ஆனால் பங்குனி முடிகிறபோது பிள்ளை இருபத்தைந்து நிமிஷம் நடந்தது. கரை முழுவதற்கும் அதுதான் கணக்கு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு வருகிறேன். ஒப்பந்தம் இதுதான்: சிநேகா தனியாகப் போவாள். ஜெயசுதா வீட்டில் இருக்க வேண்டும். நான் அடுத்த தெருவில் என் வீட்டில் இருக்க வேண்டும். வேல்சாமி மடைக்கல்லில், கரைக்கு முதுகைக் காட்டி, கண்மாயைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். கண்மாயில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெடிப்பு விட்ட தரையில் கிடாய்தான் மேய்ந்துகொண்டிருந்தது. இருந்தாலும் முறை முறைதான்.

நான் ஒப்பந்தப்படி என் வீட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேல்சாமி என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தை மடைக்கல்லில் தனியாக டிக் டிக் என்று விட்டுவிட்டு, கரைக்குக் கீழே சீமைக்கருவேலம் புதருக்குள் இறங்கிவிட்டார். குனிந்தபடி புதருக்குப் புதர் ஓடினார். கரைக்கு மேலே பிள்ளை நடக்க, கரைக்குக் கீழே இவர். மூச்சு வாங்கியது. வயதாகவில்லையா? மடையைத் தாண்டுகிற இடத்தில் பிள்ளை நின்றது. பையை இறக்கி வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கியது. புதருக்குள் இருந்தவர் ஓரடி எடுத்து வைத்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. ஐயோ என்று கத்தினால் மாட்டிக்கொள்வோமே என்று துணியைக் கடித்துக்கொண்டார். பிள்ளை நூறு எண்ணுகிற நேரம் நின்றிருக்கும். பையைத் தூக்கியது. நடந்தது. மெயின்ரோட்டில் எட்டுப்பத்து பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. பிள்ளை ஏறியது, பஸ் போனது. இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பாவம், தகப்பன் மனசு. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதைச் சிநேகா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காலை நீட்டிப் போட்டு, தட்டில் இருக்கும் அவித்த வேர்க்கடலையைத் தானே உரித்துத் தின்றுகொண்டு. கடைசிப் பத்தியில் விரலை வைத்து நிறுத்திவிட்டாள். தன் கையாலேயே எழுதித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம், நீ சொல், நான் எழுதுகிறேன் என்றேன்.

"அம்மாச்சி, மடைக்கல்லுல கடிகாரம் மட்டும் இல்ல, அய்யாவும் இருந்தாரு. நான் நின்னு முழங்காலை அமுக்குனது அவருக்கு நாலடி பின்னாடி. நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். பை கீழ விழுந்தது கேட்டிருக்கும். அவரு திரும்பல. கடைசி வரைக்கும் திரும்பல. காது மட்டும் செவந்து கெடந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் பையத் தூக்குனேன். பஸ்ஸு ஜன்னல் வழியாப் பாத்தேன், புதருக்கு மேல ஒன் கறுப்புக் குடை போயிக்கிட்டு இருந்துச்சு. முள்ளு குத்துனது ஒனக்கு. அதையும் எழுது."